குட்டி ஹாரர் கேமுக்கு ரிவ்யூ எழுதப் போகிறீர்களா?

ஒருவரோ இருவரோ சேர்ந்து, கையில் இருக்கிற காசில் செய்து, ஒரே மூச்சில் விளையாடி முடிக்கும்படி வெளியிடும் ஹாரர் கேம்களுக்கு இன்று தனிச் சந்தையே உருவாகிவிட்டது. ஜப்பானில் 'சில்லாஸ் ஆர்ட்' என்ற பெயரில் இயங்கும் இரண்டு சகோதரர்கள் இரவு நேரக் கடை வேலையை வைத்தே 'தி கன்வீனியன்ஸ் ஸ்டோர்' (2020) என்று ஒரு கேம் செய்தார்கள். டேவிட் சிமான்ஸ்கியின் 'அயர்ன் லங்' (2022) ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். கோட்டேக் கிரியேட்டின் 'தி எக்ஸிட் 8' (2023) அதைவிடச் சீக்கிரம் முடிந்தாலும் முடியலாம்.

இவற்றுக்கு விளம்பரச் செலவு என்று பெரிதாக எதுவும் கிடையாது. வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர் பார்ப்பது இரண்டைத்தான்: யூடியூபில் யாராவது அலறும் வீடியோ, கடைப் பக்கத்தின் அடியில் இருக்கும் ரிவ்யூக்கள். கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் நட்சத்திரம், மதிப்பெண் எல்லாம் இல்லை. கட்டைவிரல் மேலே அல்லது கீழே, அவ்வளவுதான். பத்து ரிவ்யூ சேர்ந்த பிறகே ஒரு கேமுக்கு ஒட்டுமொத்த முத்திரை விழும். பத்தில் ஏழு பேர் விரலை உயர்த்தினால் 70 சதவீதம். 'பெரும்பாலும் நல்ல வரவேற்பு' என்ற வகையில் சேரும். அந்த ஏழு பேரில் ஒருவர் மனம் மாறினால் 60, 'கலவையான வரவேற்பு'. பெரிய கேமில் லட்சத்தில் ஒன்றாகக் கரைந்துபோகும் உங்கள் ரிவ்யூ, குட்டி கேமில் பத்தில் ஒன்றாக உட்கார்ந்திருக்கும்.

சின்ன கேம் என்பதற்காக யாரும் சலுகை காட்ட வேண்டியதில்லை. பெரிய கேமுக்கு வைத்திருக்கும் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு வராமல் இருந்தால் போதும்.

செய்ய வேண்டியவை

1. கேம் எதைச் செய்ய முயன்றது என்பதை முதலில் பிடியுங்கள்.

'அயர்ன் லங்'கில் நீங்கள் ஒரு சின்ன நீர்மூழ்கிக்குள் அடைக்கப்படுகிறீர்கள். வெளியே ரத்தக் கடல். ஜன்னல் மூடப்பட்டிருக்கும். கையில் ஒரு வரைபடம், ஆயத்தொலைவு எண்கள், வெளியே படம் பிடிக்கும் கேமரா. எண்ணைப் பார்த்து ஓட்டிப்போய், பொத்தானை அழுத்தி, மங்கலான கறுப்பு வெள்ளைப் படத்துக்காகக் காத்திருக்க வேண்டும். துப்பாக்கி கிடையாது, ஓட்டம் கிடையாது. கடலையே காட்டாததால் கடலை வரைய வேண்டிய செலவும் சிமான்ஸ்கிக்கு இல்லை. அந்த வேலையை நம் கற்பனை இலவசமாகச் செய்துவிடுகிறது. "இதில் சண்டையே இல்லை" என்று இதற்கு ரிவ்யூ எழுதினால், எழுதியவர் எதையோ எதிர்பார்த்து வந்தார் என்பது மட்டும்தான் தெரியும். "எண்களைப் பார்த்து ஓட்டுவது முதல் கால் மணி நேரம் சுவாரசியம், பிறகு வேலை மாதிரி இருந்தது" என்று எழுதினால் அது விமர்சனம். கேம் எடுத்துக்கொண்ட வேலையை வைத்து அதை எடை போட்டிருக்கிறீர்கள்.

2. எந்தச் சூழ்நிலையில் விளையாடினீர்கள் என்று சொல்லுங்கள்.

இரவில் ஹெட்போனோடு விளையாடினீர்களா, மத்தியானம் ஃபேன் சத்தத்துக்கு நடுவே லேப்டாப் ஸ்பீக்கரிலா? ஹாரர் கேமில் இது பாதி விஷயம். கூடவே, ஹாரர் உங்களுக்குப் பழக்கமா, இதுதான் முதல் தடவையா என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். படிப்பவர் உங்கள் பயத்தைத் தன் அளவுக்கு மாற்றிக்கொள்வார்.

3. நேரத்தைச் சொல்லுங்கள், அது எப்படிப் போனது என்பதையும் சொல்லுங்கள்.

"ஒன்றேகால் மணி நேரம்" என்பது தகவல். அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் என்ன நடந்தது என்பதுதான் கருத்து. இந்த வகை கேம்களில் வழக்கமாக மூன்று இடத்தில் நேரம் வீணாகும். ஒன்று, ஆமை வேக நடை: நீண்ட தாழ்வாரத்தில் ஓடவே விடாமல் நடக்கவைத்து நேரத்தை நீட்டுவது. இரண்டு, சாவி தேடல்: இருட்டறையில் ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து பார்ப்பது. மூன்று, செத்தால் முதலிலிருந்து: இடையில் சேமிக்கும் வசதி இல்லாமல், பார்த்த காட்சியையே திரும்பப் பார்ப்பது. முதல் தடவை பயமுறுத்திய பேய் நான்காவது தடவை வரும்போது தெருமுனையில் நிற்கும் ஆள் மாதிரி ஆகிவிடும். இதில் எது நடந்தது, எந்த இடத்தில் நடந்தது என்று குறிப்பிடுங்கள்.

4. பயத்தை வகை பிரியுங்கள்.

"பயமா இருந்துச்சு" என்பதில் நான்கைந்து கேம்கள் அடங்கிவிடும். திடீரென்று முகத்துக்கு முன் வந்து கத்தும் ஜம்ப் ஸ்கேர் ஒன்று. எதுவும் நடக்காமலே முதுகு கூசவைக்கும் சூழல் இன்னொன்று. துரத்தல், ஒளிந்திருத்தல் வேறு. கடை மூடும் நேரத்தில் வந்து உற்றுப் பார்க்கும் வாடிக்கையாளர் மாதிரி, நிஜத்திலும் நடக்கக்கூடியது என்பதாலேயே கலங்கவைக்கும் பயம் வேறு. ஜம்ப் ஸ்கேர் பிடிக்காதவர்களும் உண்டு, அதற்காகவே வருபவர்களும் உண்டு. எது எவ்வளவு இருக்கிறது என்று சொன்னால் இருவருக்கும் உதவும்.

5. ஒலிக்கு ஒரு வரி ஒதுக்குங்கள்.

பட்ஜெட் இல்லாத ஹாரர் கேமின் முதுகெலும்பே ஒலிதான். மேல் மாடியில் காலடிச் சத்தம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று ஹெட்போனில் தெரிகிறதா? பயத்தைச் சத்தத்தை ஏற்றித்தான் உண்டாக்குகிறார்களா, நிறுத்தியும் உண்டாக்குகிறார்களா? சில கேம்களில் ஜம்ப் ஸ்கேரின்போது மட்டும் ஒலி காதைக் கிழிக்கும். அப்படியானால் அதையும் எழுதுங்கள்.

6. எச்சரிக்க வேண்டியதை எச்சரியுங்கள்.

மின்னி மின்னி எரியும் விளக்குகள், நடக்கும்போது ஆடும் கேமராவால் வரும் தலைசுற்றல், குழந்தைகளுக்கு நேரும் கொடுமை, தற்கொலைக் காட்சி. கதையைச் சொல்லாமலே இவை இருக்கின்றன என்று சொல்லிவிடலாம். கேமரா ஆட்டத்தை செட்டிங்ஸில் நிறுத்த முடியுமா என்பதையும் சேர்த்துவிட்டால் புண்ணியம்.

7. கோளாறை, திருத்தும்படி எழுதுங்கள்.

"ஒரே பக், விளையாடவே முடியல" என்பதை வைத்து எதைத் திருத்துவது? "அடித்தளத்துக் கதவைத் திறக்கும் நேரத்தில் மெனுவுக்குப் போனால் கேம் உறைந்துவிடுகிறது, மூன்று முறை நடந்தது, என் கம்ப்யூட்டர் இது" என்று எழுதினால் ஒரே ராத்திரியில் சரிசெய்துவிடக்கூடியது அது. செய்தவர் ஒருவர்தான், சோதித்துப் பார்க்க அவருக்குத் தனிக் குழு கிடையாது. உங்களுடைய மூன்று வரி அவருக்கு ஒரு வார வேலையை மிச்சப்படுத்தும்.

8. அவர்கள் திருத்தினால், நீங்களும் திருத்துங்கள்.

ஸ்டீமில் எழுதிய ரிவ்யூவை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், விரலையும் மாற்றலாம். வெளியான வாரத்தில் கிராஷ் ஆனதைக் குறை சொல்லியிருந்தால், பேட்ச் வந்த பிறகு திறந்து பார்த்து ஒரு வரி சேர்த்துவிடுங்கள். என்றோ தீர்ந்த பிரச்சினை ரிவ்யூவில் மட்டும் வருஷக்கணக்காக உயிரோடு இருப்பது நியாயம் இல்லை.

இரண்டு மாதிரிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே கற்பனை கேமைப் பற்றியவை.

முதலாவது: "செமயா இருக்கு மச்சி. கிராபிக்ஸ்தான் மொக்க. சீக்கிரம் முடிஞ்சிருது. ஆஃபர்ல வாங்கலாம்."

இரண்டாவது: "ராத்திரி, ஹெட்போன். ஒன்றேகால் மணி நேரம். ஆஸ்பத்திரி வார்டில் நைட் டியூட்டி பார்க்கும் நர்ஸ். முதல் முக்கால் மணி நேரம் மருந்து கொடுப்பது, ஃபைல் எழுதுவது மட்டும்தான்; அதில்தான் நிஜமான பயம். கடைசியில் வரும் துரத்தல் பழைய பாணி, சேவ் இல்லாததால் அலுப்பு. இரண்டு ஜம்ப் ஸ்கேர், இரண்டிலும் சத்தம் அதிகம். என் பழைய லேப்டாப்பில் திணறாமல் ஓடியது. மெதுவாக ஏறும் பயம் பிடிக்கும் என்றால் முழு விலைக்கே வாங்கலாம்."

இரண்டாவது அப்படியொன்றும் நீளம் இல்லை. ஆனால் வாங்குபவருக்கும் விடை இருக்கிறது, செய்தவருக்கும் வேலை இருக்கிறது.

செய்யக்கூடாதவை

1. நிமிடத்துக்கு எத்தனை ரூபாய் என்று கணக்குப் போடாதீர்கள்.

சிறுகதையைத் தராசில் வைத்து நாவலோடு விலை பேசுவதில்லை. பயத்துக்கு ஆயுள் குறைவு. ஒரு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போனதை ஐந்து மணி நேரத்துக்கு இழுத்தால் அது அலுப்பாகிவிடும். நேரத்தை நீட்டச் சொல்லி நாம் நச்சரிப்பதன் பலன்தான் மேலே சொன்ன ஆமை நடையும் சாவி தேடலும். விலை அதிகம் என்று தோன்றினால் தாராளமாக எழுதுங்கள். ஆனால் என்ன கிடைத்தது, அதற்கு இந்த விலை ஏன் அதிகம் என்று சொல்லுங்கள்.

2. ரசித்து முடித்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள்.

வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காரணம் எதுவானாலும் ஸ்டீம் ரீஃபண்ட் கொடுக்கும். 2015 முதல் இருக்கும் ஏற்பாடு இது; ஓடாத கேம், ஏமாற்றிய கேம் விஷயத்தில் நமக்குப் பெரிய பாதுகாப்பு. ஆனால் ஒன்றரை மணி நேரத்தில் முடியும் கேமை முழுசாக முடித்த பிறகும் இந்த வழி திறந்தே இருக்கும். 2021 ஆகஸ்டில் எமிகா கேம்ஸ் என்ற பெயரில் 'சம்மர் ஆஃப் 58' என்ற ஹாரர் கேமைச் செய்தவர், கேம் தயாரிப்பிலிருந்தே காலவரையின்றி விலகுவதாக அறிவித்தார். அவர் சொன்ன காரணம் இதுதான்: கேம் இரண்டு மணி நேரத்தைத் தொடுவதில்லை, நல்ல ரிவ்யூக்கள் வந்தும், ஏராளமானவர்கள் ரீஃபண்ட் வாங்கிவிட்டார்கள், அடுத்த கேம் செய்யக் கையில் காசு இல்லை. விரலை உயர்த்திவிட்டுப் பணத்தைத் திரும்ப வாங்குவது, சாப்பாடு பிரமாதம் என்று சொல்லிக்கொண்டே பில் கட்டாமல் எழுந்துபோகிற சங்கதி. பிடிக்கவில்லை, ஓடவில்லை என்றால் ரீஃபண்ட் உங்கள் உரிமை, தயங்காமல் கேளுங்கள்.

3. "கிராபிக்ஸ் மொக்கை" என்று எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள்.

இந்த வகையில் பல கேம்கள் முதல் பிளேஸ்டேஷன் காலத் தோற்றத்தை வேண்டுமென்றே எடுத்துக்கொள்கின்றன. அந்த இயந்திரத்தால் உருவங்களின் முனைகளை நுணுக்கமாக நிறுத்த முடியாது. சுவர்கள் நடுங்கும், தரை ஓவியம் வளையும். அந்தக் குறையை இன்று காசு கொடுத்து, மெனக்கெட்டு வரவழைக்கிறார்கள். முகம் தெளிவாகத் தெரியாதபோதுதான் மனசு அதில் எதையாவது வரைகிறது என்பதால். 1999-ல் வந்த 'சைலண்ட் ஹில்'லின் மூடுபனிகூட, தூரத்துக் காட்சிகளை வரைய முடியாத இயந்திரத்தின் போதாமையை மறைக்கப் பயன்பட்டதுதான். பிற்பாடு அதுவே அந்தத் தொடரின் அடையாளம் ஆனது. எனவே கேட்க வேண்டிய கேள்வி: இந்தத் தோற்றம் பயத்துக்கு உதவுகிறதா, கண்ணை மட்டும் வலிக்கவைக்கிறதா? பழைய வீடியோ கேசட் மாதிரி கோடு ஓடும் ஃபில்டரை நிறுத்த வழி இல்லை என்றால் அது நியாயமான குறை.

கடையில் வாங்கிய பொம்மைகளையும் அறைகளையும் அப்படியே போட்டிருந்தால்? வாங்கியது குற்றம் இல்லை. ஒற்றை ஆள் நாற்காலியைக்கூட உட்கார்ந்து செதுக்கிக்கொண்டிருக்க முடியாது. வாங்கியதை வைத்து எதையும் செய்யாமல் விட்டிருந்தால் அதைச் சொல்லுங்கள். செயற்கை நுண்ணறிவால் உருவான படமோ குரலோ இருந்தால் கடைப் பக்கத்திலேயே தெரிவிக்க வேண்டும் என்று 2024 முதல் ஸ்டீம் கேட்கிறது. குற்றம் சாட்டும் முன் அங்கே ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

4. திருப்பத்தைப் போட்டு உடைக்காதீர்கள்.

'தி எக்ஸிட் 8' நல்ல உதாரணம். ஜப்பானியச் சுரங்கப்பாதை ஒன்றில் நடக்கிறீர்கள். ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் திரும்பிவிட வேண்டும். தெரியாவிட்டால் முன்னே போக வேண்டும். பிசகினால் மறுபடி பூஜ்யம். இந்த விதி சுவரிலேயே எழுதியிருக்கிறது, தாராளமாகச் சொல்லலாம். ஆனால் எந்தப் போஸ்டர் மாறும், எதிரே வரும் மனிதர் என்ன செய்வார் என்று ஒன்றைச் சொன்னாலும், அடுத்தவர் தானே கண்டுபிடித்துத் திடுக்கிட்டிருக்க வேண்டிய ஒரு கணம் போய்விடும். கேமே அந்தக் கணங்களால் ஆனதுதான். இதைப் படமாக்கிய கென்கி கவாமுரா 2025 கான் விழாவில் திரையிட்டார். படமாகும் அளவுக்கு அந்தச் சின்ன விதியில் சத்து இருந்திருக்கிறது. முடிவைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும் என்றால் ஸ்டீமில் எழுத்தை மறைக்கும் வசதி இருக்கிறது.

5. "இதெல்லாம் பயமா?" என்று மார்தட்டாதீர்கள்.

நீங்கள் பயப்படாதது உங்கள் வீரப் பிரதாபம். அடுத்தவருக்கு அதனால் பைசா பிரயோஜனம் இல்லை. ஏன் பயம் வரவில்லை? பேய் அடிக்கடி தலைகாட்டியதா? வரும் முன் ஒவ்வொரு முறையும் இசை காட்டிக்கொடுத்துவிட்டதா? அதை எழுதுங்கள்.

6. வீடியோ பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

ஒரு கதவைத் தான் திறப்பதற்கும், யாரோ திறப்பதைப் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. யூடியூபில் பக்கத்தில் ஒருவர் ஜோக்கடித்துக்கொண்டே இருப்பார். அங்கே பயம் பங்கு போடப்பட்டுவிடும். பார்த்தது பிடித்திருந்தால் அந்த வீடியோவைப் பாராட்டுங்கள்.

7. ஆளை அடிக்காதீர்கள், குறையைச் சுட்டுங்கள்.

ஸ்காட் காவ்தான் குழந்தைகளுக்காகச் செய்த 'சிப்பர் அண்ட் சன்ஸ் லம்பர் கோ.' என்ற கேமைப் பார்த்தவர்கள், அதன் பாத்திரங்கள் பொருட்காட்சியில் தலையாட்டும் இயந்திர பொம்மைகள் மாதிரி திகிலாக இருக்கின்றன என்று குறை சொன்னார்கள். அவருக்கு அது பலமான அடி. ஆனால் அந்தக் குறையையே எடுத்து, வேண்டுமென்றே திகிலூட்டும் இயந்திர பொம்மைகளை வைத்து 2014-ல் 'ஃபைவ் நைட்ஸ் அட் ஃப்ரெடிஸ்' செய்தார். அது பெரும் வெற்றி பெற்றது. இதை வைத்து, திட்டினால்தான் முன்னேறுவார்கள் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அந்த விமர்சனம் பயன்பட்டதற்குக் காரணம் அது குறிப்பாக இருந்ததுதான். 'நீ எல்லாம் ஏன் கேம் பண்ற' என்று மட்டும் எழுதியிருந்தால் அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றும் இருந்திருக்காது.

8. நம்மவர் செய்தது என்று கண்ணை மூடிக்கொண்டு பாராட்டாதீர்கள்.

இந்தியாவிலிருந்து 'ரேயில்' என்ற பெயரில் ஒருவர் வெளியிடும் 'ஃபியர்ஸ் டு ஃபாதம்' தொடரின் முதல் அத்தியாயம் 2021-ல் இலவசமாக வந்தது. அதற்குப் பிந்தைய அத்தியாயங்களை உலகெங்கும் வாங்கி விளையாடுவது செய்தவரின் முகவரியைப் பார்த்து அல்ல. வீட்டில் தனியாக இருக்கும் பையன், வழியில் தனியாக மாட்டிக்கொண்ட பயணி என்று அன்றாடம் நடக்கக்கூடியதை எடுத்துப் பதற்றப்படவைக்கத் தெரிந்திருக்கிறது, அதற்காக. ஊர்ப் பாசத்தில் போடும் விரல் ஒருநாள் விற்கும். ஏமாந்து வாங்கியவர் அடுத்த தடவை நம்மூர் கேம் என்றாலே தள்ளிப்போவார்.

9. முதல் பத்து ரிவ்யூவுக்குள் ஜோக் போடாதீர்கள்.

ஆயிரம் ரிவ்யூ உள்ள கேமில் நக்கலடித்து விரலைக் கவிழ்த்தால் யாருக்கும் தெரியாது. எட்டு ரிவ்யூ உள்ள கேமில் அதே நக்கல், பத்து சேர்ந்ததும் விழப்போகும் முத்திரையையே மாற்றிவிடக்கூடும்.

கேம் செய்தவர்களுக்குச் சில வார்த்தை

செய்யுங்கள்: எவ்வளவு நேரக் கேம் என்பதைக் கடைப் பக்கத்தில் நீங்களே எழுதிவிடுங்கள், "ஏமாற்றிவிட்டார்கள்" என்ற குரலில் பாதி அங்கேயே அடங்கும். முடிந்தால் ஒரு டெமோ வையுங்கள். ஒரே குறையை ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொல்லியிருந்தால் அது குறைதான். ஆளுக்கு ஒன்று சொன்னால் அது ரசனை. திருத்தியதும், குறை சொன்னவரின் ரிவ்யூவுக்கு அடியில் "சரிசெய்துவிட்டோம்" என்று ஒரு வரி போடுங்கள்.

செய்யாதீர்கள்: ரிவ்யூ எழுதியவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள், படிக்கிற நூறு பேர் உங்கள் கோபத்தைத்தான் நினைவில் வைப்பார்கள். காசு கொடுத்தோ ஆள் வைத்தோ ரிவ்யூ சேர்க்காதீர்கள், அது ஸ்டீம் விதிக்கே விரோதம். நண்பர்களுக்கு இலவச கீ கொடுத்து எழுதச் சொல்வதாலும் ஒட்டுமொத்தச் சதவீதம் ஏறாது: கீ போட்டுத் திறந்த கேமுக்கு எழுதும் ரிவ்யூவை 2016 முதல் ஸ்டீம் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. பிரபல யூடியூபர் என்று சொல்லி மெயிலில் கீ கேட்பவர்களின் நிஜ முகவரியைச் சரிபாருங்கள். பல கீகள் நேராக வேறு சந்தைக்கு விற்பனைக்குப் போகின்றன.

கடைசியாக, விரல் மேலா கீழா

எழுதி முடித்ததும் எல்லோரும் திணறும் இடம் இதுதான். பாதி பிடித்தது, பாதி பிடிக்கவில்லை. நடுவில் மூன்றாவது பொத்தான் இல்லை. ஸ்டீம் உங்களிடம் கேட்பது 'நல்ல கேமா' என்று அல்ல, 'பரிந்துரைப்பீர்களா' என்று. எனவே, ஹாரர் பிடிக்கும் நண்பர் ஒருவரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய விலையில், குறைகளையும் சொல்லியே, இதை அவரை வாங்கச் சொல்வீர்களா? சொல்வீர்கள் என்றால் மேலே. பாதி விலைக்கு வந்தால்தான் சொல்வீர்கள் என்றால் இப்போதைக்குக் கீழே. எந்த விலைக்கு வந்தால் மேலே போகும் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். விலை குறைந்ததும் விரலை மாற்றிக்கொள்ளலாம், பொத்தான் அங்கேயேதான் இருக்கும்.